லினக்ஸில் உழைத்தவர்கள்

போன மாதம் சித்தியின் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரப் படம் அனுப்பியிருந்தாள். வீட்டிலிருந்தே லினக்ஸ் வேலை, மூன்று மாதப் பயிற்சி, டொலரில் வருமானம். கீழே கட்டணம் போட்டிருந்தது. சித்தி தையலில் எடுக்கிற இரண்டு மாதக் காசு அது. படத்துக்குக் கீழே அவளுடைய கேள்வி:

"அண்ணா, இதில உண்மையா உழைக்கலாமோ?"

எனக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. பத்து வருசத்துக்கு மேலாக நான் வவுனியாவில் வீட்டு அறைக்குள் இருந்துகொண்டு, கண்ணால் காணாத ஆட்களின் லினக்ஸ் சேர்வர்களைப் பராமரித்துத்தான் வாழ்கிறேன். ஓம் எண்டு சொன்னால் அது பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பி சித்தி காசைக் கட்டினால், நான் பாதி உண்மையைத்தான் சொல்லியிருப்பேன்.

அவள் கேட்ட சொல்லையே எடுத்துக்கொள்வோம். எங்கட ஊரில் 'உழைக்கிறது' எண்டால் காசு சம்பாதிக்கிறது. 'அவன் சுவிஸில நல்லா உழைக்கிறான்' எண்டால், அவன் வியர்வை சிந்துவதைப் பற்றி யாரும் பேசவில்லை. வீட்டுக்குக் காசு வருவதைப் பற்றித்தான் பேசுகிறோம். தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் இதே வசனத்தைச் சொன்னபோது அவர் பாடுபடுவதை மட்டும்தான் விளங்கிக்கொண்டார். ஒரே சொல்லுக்கு இரண்டு கணக்கு: பட்ட பாடு ஒன்று, வந்த காசு ஒன்று. லினக்ஸின் வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால் இந்த இரண்டு கணக்கும் ஒரே ஆளின் கையில் சேர்ந்த சந்தர்ப்பங்கள் குறைவு. அந்த வரலாற்றின் பெரிய பகுதி வீடுகளுக்குள்ளேதான் நடந்தது எண்டபடியால், தங்கச்சிக்குச் சொல்ல வேண்டியதும் அதற்குள்தான் இருக்கிறது.

ஒரு நாடா, 150 டொலர்

லினக்ஸ் எண்ட பெயர் பிறக்க முதலே இந்தக் கதை தொடங்கிவிட்டது. 1984 ஜனவரியில் றிச்சர்ட் ஸ்டோல்மன் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பார்த்த வேலையை விட்டார். எல்லோரும் பாவிக்கவும், திருத்தவும், மற்றவருக்குக் கொடுக்கவும் கூடிய ஒரு இயங்குதளத்தை எழுத வேண்டும் எண்டது அவர் எண்ணம். க்னூ எண்டு அதற்குப் பெயர் வைத்தார். வேலையில் இருந்துகொண்டு எழுதினால் நாளைக்கு நிறுவனம் அதற்கு உரிமை கேட்கலாம் எண்ட பயத்தில்தான் வேலையை விட்டார். ஆனாலும் பழைய ஆய்வுகூடத்து அறையைப் பாவிக்க அவரை விட்டார்கள். அங்கேயே எழுதினார், அங்கேயே படுத்தார். வீடும் வேலையிடமும் அவருக்கு ஒன்றுதான்.

1985 தொடக்கத்தில் அவர் எழுதிய ஈமக்ஸ் எண்ட தொகுப்பி பாவிக்கக்கூடிய நிலைக்கு வந்தது. வலையமைப்பு வசதி இருந்தவர்கள் சும்மாவே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காலத்தில் அந்த வசதி கனபேருக்கு இல்லை. அவர்களுக்கு ஸ்டோல்மன் இரண்டு வழி சொன்னார்: வசதி உள்ள நண்பர் யாரிடமாவது பிரதி எடுங்கள், இல்லையெண்டால் 150 டொலர் அனுப்புங்கள், காந்த நாடாவில் பதிந்து தபாலில் போடுகிறேன். அந்த வருட நடுப்பகுதியில் மாதம் எட்டுப் பத்துப் பேர் காசு அனுப்பினார்கள். கணக்குப் பார்த்தால் 1,200 முதல் 1,500 டொலர். தான் சிக்கனமாக வாழ்கிறவன் எண்டபடியால் அது மட்டும் இருந்திருந்தாலும் சமாளித்திருப்பேன் எண்டு பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

சுதந்திர மென்பொருளை வைத்து ஒரு ஆள் தன்னந்தனியாக உழைத்த முதல் கதைகளில் இது ஒன்று. இங்கே விற்றது என்ன எண்டு பாருங்கள். ஈமக்ஸ் இலவசம். விற்றது, வாங்குகிறவனால் செய்ய முடியாத ஒரு வேலை: பதிந்து, பொதி கட்டி, தபாலில் சேர்ப்பது. நாளைக்கு அவனுக்கு வலையமைப்பு வந்துவிட்டால் இந்த வியாபாரம் செத்துப்போகும். அதே வருடம் வெளியிட்ட க்னூ அறிக்கையிலேயே, சொல்லிக்கொடுப்பது, கைபிடித்து உதவுவது, பராமரிப்பது போன்ற சேவைகளை விற்கலாம் எண்டு அவர் எழுதியிருந்தார்.

அந்த யோசனையைக் கொம்பனியாக மாற்றியவர்கள் வேறு ஆட்கள். 1989இல் மைக்கேல் டீமன், ஜோன் கில்மோர், டேவிட் ஹெங்கெல்-வொலஸ் எண்ட மூன்று பேர் கொஞ்சக் காசு போட்டு சிக்னஸ் எண்ட நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இலவசமாகக் கிடைக்கிற க்னூ கருவிகளை, அவற்றை நம்பியிருக்கிற கொம்பனிகளுக்காகத் திருத்திக் கொடுப்பதும் பராமரிப்பதும்தான் வியாபாரம். முதல் வருசத்திலேயே ஏழு லட்சம் டொலருக்கு மேல் ஒப்பந்தம் கிடைத்தது. இலவசமான ஒன்றைச் சுற்றிக் காசு இருக்கிறது எண்டு அப்போதே தெளிவாகிவிட்டது.

காசு வேண்டாம், தபாலட்டை அனுப்புங்கள்

1991 ஓகஸ்ட் 25. ஹெல்சிங்கியில் தாயோடு ஒரே வீட்டில் இருந்த 21 வயது மாணவன் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஒரு இயங்குதளம் எழுதுவதாகவும் அது வெறும் பொழுதுபோக்கு எண்டும் இணையக் குழு ஒன்றில் அறிவித்தான். கடனுக்கு வாங்கிய 386 கணினி. மாதாமாதம் தவணை கட்ட வேண்டும்.

அவன் எழுதிய முதல் உரிமத்தைப் பற்றி இப்போது கனபேர் பேசுவதில்லை. அந்த உரிமத்தில் லினக்ஸைக் காசுக்குக் கொடுக்கவே கூடாது எண்டு இருந்தது. பிரதி எடுக்கிற கூலி கூட வாங்கக் கூடாது. காசு அனுப்பவா எண்டு கேட்டவர்களிடம், வேண்டாம், தபாலட்டை அனுப்புங்கள் எண்டான். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் அட்டைகள் வந்து குவிந்தன. பிறகு பாவனையாளர்கள் தங்களுக்குள் காசு சேர்த்து, கணினிக் கடனின் மிச்சத்தைக் கட்ட உதவினார்கள்.

நெகிழிவட்டில் பதிந்து கொடுக்கிறவர்கள் செலவுக்காவது காசு வாங்க வேண்டாமா எண்டு கேள்வி வந்தது. 1992 தொடக்கத்தில் லினஸ் அந்த உரிமத்தைக் கைவிட்டு ஸ்டோல்மனின் ஜீ.பி.எல். உரிமத்துக்கு மாறினான். அதன்படி விற்கலாம், ஆனால் வாங்குகிறவனுக்கும் மூலநிரலைக் கொடுக்க வேண்டும், அவனும் மற்றவருக்குக் கொடுக்கலாம். இந்த மாற்றம் நடந்திருக்காவிட்டால் லினக்ஸில் உழைப்பது எண்ட பேச்சே சட்டப்படி வந்திருக்காது.

அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது எண்டு சொல்லாமல் போக ஏலாது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஜாம் போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனார்கள். இருக்கிறதை வைத்து இயங்கப் பண்ணுகிற மூளை எங்களிடமும் இருந்தது. ஹெல்சிங்கிப் பெடியனிடம் இருந்தது, எங்களிடம் இல்லாதது: சுவரில் ஒரு பிளக், ஒரு தொலைபேசி இணைப்பு. 'திறமை இருந்தால் போதும்' எண்டு சொல்கிற விளம்பரங்களைப் பார்க்கிற போதெல்லாம் எனக்கு அந்த டைனமோதான் ஞாபகம் வரும்.

தையல் அறையில் ஒரு கொம்பனி

அமெரிக்காவில் பொப் யங் எண்ட வியாபாரிக்கு 1993இல் வேலை இல்லை. மனைவியின் சின்னத் தையல் அறையில் இருந்துகொண்டு, யுனிக்ஸ் புத்தகங்களையும் மென்பொருட்களையும் தபாலில் விற்கத் தொடங்கினார். அவர் நிரல் எழுதுகிறவர் இல்லை. வாடிக்கையாளர் எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் எண்டு மட்டும் பார்த்தார். அவர்கள் கேட்டது லினக்ஸ். வட கரோலினாவில் மார்க் யூவிங் எண்ட இளைஞர் தன் வீட்டிலிருந்து ஒரு லினக்ஸ் வெளியீட்டைத் தயாரித்துக்கொண்டிருந்தார். அதன் பெயர் ரெட் ஹட். 1995இல் இருவரும் சேர்ந்தார்கள்.

இலவசப் பொருளை எப்படி விற்கிறது எண்டு கேட்டவர்களுக்கு பொப் யங் தக்காளி சோஸை உதாரணம் சொல்வார். தக்காளியும் வினாகிரியும் உப்பும் யாருடைய குசினியிலும் இருக்கிறது. சோஸ் செய்யச் சட்டத் தடையும் இல்லை. ஆனாலும் சனம் கடையில் போத்தல்தான் வாங்குகிறது, அதுவும் தெரிந்த பெயருள்ள போத்தல். தான் விற்பது லினக்ஸ் இல்லை, அந்தப் பெயரின் மேல் உள்ள நம்பிக்கை எண்டதுதான் அவர் கதையின் சாரம்.

1999 ஓகஸ்ட் 11 அன்று ரெட் ஹட் பங்குச்சந்தைக்கு வந்தது. 14 டொலருக்கு விற்ற பங்கு அன்றைக்கு மாலையே 52 டொலரைத் தொட்டது. இதற்கு முன்னர் அந்தக் கொம்பனி ஒரு நல்ல காரியமும் செய்ய நினைத்தது. லினக்ஸுக்கும் அதைச் சுற்றிய மென்பொருட்களுக்கும் சம்பளமில்லாமல் நிரல் எழுதிய ஆயிரக்கணக்கானோருக்குக் கடிதம் போட்டு, ஆரம்ப விலையில் பங்கு வாங்க அழைத்தது. ஆனால் வாங்குவதற்குத் தரகுக் கொம்பனியின் படிவத்தை நிரப்ப வேண்டும்: வருமானம் எவ்வளவு, முதலீட்டு அனுபவம் என்ன? கனபேர் மாணவர்கள். 'நீங்கள் தகுதியில்லை' எண்டு பதில் வந்தது. பாடுபட்டவர்களுக்கு, அந்தப் பாட்டின் பலனில் பங்கு வாங்கத் தேவையான வருமானம் இல்லை. பிறகு சிலருக்கு வழி திறந்தது. ஆனாலும் அந்தப் படிவம் எனக்கு மறக்காது. 20 வருடத்துக்குப் பிறகு, 2019இல், ஐ.பி.எம். நிறுவனம் ரெட் ஹட்டை 34 பில்லியன் டொலருக்கு வாங்கியது.

இதைப் பொப் யங் ஏமாற்றினார் எண்ட கதையாக நான் சொல்லவில்லை. உரிமம் அனுமதித்ததைத்தான் செய்தார். அந்தக் கொம்பனியின் காசில் நூற்றுக்கணக்கான நிரலாளர்கள் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள், அவர்கள் எழுதியது எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது. நான் கவனிப்பது, காசு எந்தப் பக்கம் வந்தது எண்டதை. கட்டளை தெரிந்தவனிடம் வரவில்லை. நிரல் எழுதியவனிடமும் நேராக வரவில்லை. 'பழுதானால் நான் பார்க்கிறேன்' எண்டு பொறுப்பேற்று, அதை வாங்குகிறவன் நம்பும்படி சொன்னவனிடம்தான் வந்தது.

வீட்டுக்குள் வந்த கதவு

வவுனியாவில் இருக்கிற ஒருவனுக்கு இந்த உலகத்தின் கதவு எப்படித் திறந்தது? இரண்டு காரணங்கள் முக்கியம்.

முதலாவது எஸ்.எஸ்.எச். அதற்கு முன்னர் தூரத்துக் கணினிக்குள் நுழைந்தால் பாஸ்வேர்ட் வெறும் எழுத்தாக வழி முழுக்கப் போகும். இடையில் நிற்கிறவன் வாசிக்கலாம். 1995இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் அப்படித் திருட்டு நடந்த பிறகு, அங்கிருந்த டாட்டு இலோனென் எஸ்.எஸ்.எச்.சை எழுதினார். நுழைகிறவரின் பாஸ்வேர்டும் அவர் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் மறைகுறியாகிப் போகும். சேர்வர் இருக்கிற கட்டடத்துக்குள் ஆள் நிற்க வேண்டும் எண்ட தேவை குறைந்தது. எழுத்து மட்டுமே போய் வருவதால் மெதுவான இணைப்பிலும் வேலை நடக்கும். எங்கட பக்கத்து இணைப்புகளுக்கு அது பெரிய விசயம்.

இரண்டாவது, நம்பிக்கைக்கு ஒரு கடதாசி. முன்பின் தெரியாதவனை எப்படி நம்புவது? 1999இல் ரெட் ஹட்டின் ஆர்.எச்.சி.ஈ. பரீட்சை வந்தது. சரியான விடைக்குப் புள்ளடி போடுகிற பரீட்சை மட்டும் இல்லை. உண்மையான கணினியைத் தந்து வேலையைச் செய்து காட்டச் சொல்வது. அதே வருடம் எந்தக் கொம்பனியையும் சாராத லினக்ஸ் ப்ரொஃபெஷனல் இன்ஸ்டிடியூட்டும் உருவானது. ஃப்ரீலான்ஸ் சந்தைகளான ஈலான்ஸும் ஓடெஸ்கும் சேர்ந்து 2015இல் அப்வேர்க் எண்ட பெயருக்கு மாறின. அங்கே கடதாசியோடு வாடிக்கையாளர் போடுகிற நட்சத்திரமும் சேர்ந்துகொண்டது.

இலங்கையில் இதற்கு முன்னரே ஒரு அடித்தளம் இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிய ஒரு அமைப்பும் இல்லாமல் நாடு திணறியபோது, கொழும்பில் தன்னார்வலர்கள் சில நாட்களில் சஹானாவை எழுதினார்கள். கட்டற்ற மென்பொருட்களின் மேல் கட்டியது. பிறகு மற்ற நாடுகளின் அனர்த்தங்களிலும் பாவிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை ஸ்டோல்மனின் அமைப்பு அதற்குக் கொடுத்தது. 2005இல் சஞ்சீவ வீரவரணவும் நண்பர்களும் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.டூ. கொழும்பிலிருந்து திறந்த மூலநிரலை வைத்து உலகச் சந்தைக்குப் போனது. ஆனால் அந்த வேலைகளுக்குக் கொழும்புக்குப் போக வேண்டும், வாடகைக்கு அறை எடுக்க வேண்டும், ஆங்கிலத்தில் நேர்முகம் கொடுக்க வேண்டும். வடக்குக் கிழக்கில் பலருக்கு, அதிலும் அந்த வருடங்களில், அது வேறு நாட்டுக்குப் போகிற மாதிரி.

என் வீட்டுக்கு லினக்ஸ் தபாலில்தான் வந்தது. 2008இல் உபுண்டு இலவசமாக இறுவட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. நெட் கஃபேயில் விலாசத்தைக் கொடுத்தேன். வாரங்கள் கழித்து ஒரு கடதாசி உறையில் உபுண்டு 8.04 வந்து சேர்ந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "வெளிநாட்டில ஆர் இருக்கினம்?" எண்டு கேட்டார். சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை.

முதல் வேலை கிடைக்க ஐந்து வருசம் போனது. ஊடுருவப்பட்ட ஒரு சின்ன இணையக்கடையைத் துப்புரவு செய்கிற வேலை. பத்து டொலர். அதைக் கைக்கு எடுப்பது வேலையை விடக் கஷ்டம். பேபாலில் அப்போது இலங்கையிலிருந்து காசு அனுப்ப முடிந்தது, பெற முடியவில்லை. வெளிநாட்டில் கணக்கு வைத்திருந்த சொந்தக்காரரிடம் கெஞ்ச வேண்டும். பிறகு பேயோனியர் வந்த பிறகுதான் ஒரு வழி கிடைத்தது.

ஒரு இரவு

விளம்பரத்தில் இல்லாத ஒரு சம்பவத்தை இங்கே சொல்ல வேண்டும். வேலை தொடங்கி இரண்டாம் வருடம். வெளிநாட்டுக் கடை ஒன்றின் சேர்வர் நள்ளிரவில் நின்றுவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் வட்டு நிரம்பிவிட்டது. பழைய பதிவுக் கோப்புகளை அழித்தால் சரி எண்டு, நித்திரைத் தூக்கத்தில் அவசரமாக அழித்தேன். அதோடு தரவுத்தளத்தின் கோப்புகள் சிலதும் போய்விட்டன.

பயப்படவில்லை, ஒவ்வொரு இரவும் தானாகக் காப்புப் பிரதி எடுக்க எழுதி வைத்திருந்தேனே. திறந்து பார்த்தால் கடைசிப் பிரதி இரண்டு நாளைக்கு முந்தியது. வட்டு நிரம்பியதால் பிரதி எடுப்பதும் நின்றிருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல் வந்துதான் இருந்தது. நான் வாசிக்கவில்லை. இரண்டு நாள் ஓர்டர்கள் இல்லை.

அந்தக் கடைக்காரர் என்னைத் திட்டவில்லை. "மிச்சத்தை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?" எண்டு மட்டும் கேட்டார். விடிய எடுத்துக் கொடுத்தேன், அந்த மாதச் சம்பளத்தைத் திருப்பி அனுப்பினேன். அவர் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறார். அந்த இரவுதான் எனக்கு ஸ்டோல்மனின் நாடாவும் பொப் யங்கின் போத்தலும் விளங்கியது. அவர் எனக்குக் காசு தருவது கட்டளைகளுக்காக இல்லை. கட்டளைகள் இணையத்தில் சும்மா கிடக்கின்றன. அவர் நித்திரை கொள்கிற நேரத்தில் ஒரு ஆள் முழித்திருக்கிறான், பிழை விட்டாலும் மறைக்க மாட்டான் எண்டதற்குத்தான் தருகிறார்.

முழித்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது. கார் பற்றரியும் இன்வேர்ட்டரும் வைத்து றவுட்டரை ஓட்டினேன். கைபேசிக் கோபுரத்தின் பற்றரி முடிந்தபோது அதுவும் உதவவில்லை. சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்குப் போனது. என் வருமானம் ஒன்றும் செய்யாமலே ரூபாயில் ஏறியது. அதே வாரங்களில் சித்தியின் கரண்ட் மெஷின் பேசாமல் கிடந்தது. பகல் முழுக்கக் கால் மெஷினில் மிதித்தும் துணி விலைக்குக் கட்டவில்லை. எங்கட குடும்பத்தில் அந்த மாதம் பாடுபட்டவ சித்தி. உழைச்சது நான்.

அறைக்குள் தனியாக

வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் கதையில் இன்னொரு பக்கம் இருக்கிறது. டெபியனிலோ உபுண்டுவிலோ புதிய பொதிகளை இறக்கும்போதெல்லாம், அவை இடையில் மாற்றப்படவில்லை எண்டதைக் கையொப்பத்தை வைத்துச் சரிபார்ப்பார்கள். அதற்கு நீண்ட காலம் பயன்பட்டது ஜீ.என்.யூ.பீ.ஜீ. 1997இல் அதை எழுதத் தொடங்கியவர் வேர்னர் கொக். ஜேர்மனியில் எர்க்ராத் எண்ட சிறு நகரத்து வீட்டிலிருந்து, பல வருடம் கிட்டத்தட்டத் தனியாகப் பராமரித்தார். உலகத்துப் பத்திரிகையாளர்களும் கொம்பனிகளும் நம்பியிருந்த மென்பொருள். 2001இலிருந்து அவர் வருமானம் சராசரியாக வருடத்துக்கு 25,000 டொலர். 2013இல் கைவிட்டுவிட்டு ஒரு சம்பள வேலைக்குப் போக நினைத்தார். 2015 பெப்ரவரியில் ப்ரோபப்ளிக்கா அவர் நிலைமையை எழுதிய பிறகுதான் நன்கொடை குவிந்தது. ஃபேஸ்புக்கும் ஸ்ட்ரைப்பும் வருடத்துக்கு ஆளுக்கு 50,000 டொலர் தருவதாகச் சொன்னார்கள்.

1993இலிருந்து ஸ்லக்வெயாரைத் தயாரித்துவரும் பட்ரிக் வோல்கெர்டிங் 2018இல், இறுவட்டு விற்ற காசு தனக்குச் சரியாக வந்து சேரவில்லை, வீட்டுக் கூரை திருத்தவும் காசில்லை எண்டு வெளிப்படையாக எழுதினார். பாவனையாளர்கள் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இவர்கள் என்னைவிட எத்தனையோ மடங்கு திறமைசாலிகள். நான் அவர்கள் செய்த கருவியைப் பாவித்து உழைக்கிறவன். அவர்களுக்குக் காசு வராததற்குக் காரணம், அவர்கள் எல்லோருக்கும் பொறுப்பாக இருந்தார்கள். எனக்குக் காசு வருவதற்குக் காரணம், நான் ஏழெட்டுப் பேருக்கு மட்டும் பொறுப்பாக இருக்கிறேன். அந்த ஏழெட்டுப் பேர் மட்டும்தான் பில் கட்டுகிறார்கள். என் வருமானத்தில் ஒரு சிறு துண்டை மாதாமாதம் அப்படியான ஒரு செயற்றிட்டத்துக்கு அனுப்புகிறேன். பெரிய தர்மம் இல்லை, நாடாக் காசு.

எங்கட பக்கத்திலும் தனிமைக்குக் குறைவில்லை. சம்பள வேலையில் இருக்கிறவனுக்கு முதலாளி ஈ.பி.எஃப். 12 வீதமும் ஈ.ரி.எஃப். 3 வீதமும் கட்ட வேண்டும். எனக்கு ஒருவரும் கட்டுவதில்லை. வருத்தம் வந்தால் லீவு இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டுக்குச் சேவை விற்று வருகிற வருமானத்துக்கு 15 வீதம் வரை வரி. பெண் பிள்ளை எண்டால் இன்னொன்றும் இருக்கிறது: வீட்டில் இருந்து வேலை செய்தால் வீட்டாருக்கு அவள் 'சும்மா இருக்கிறாள்'. சேர்வர் விழுந்திருக்கிற நேரத்தில்தான் குசினியிலிருந்து கூப்பிடுவார்கள்.

தங்கச்சிக்கு எழுதியது

கடைசியில் இவ்வளவுதான் எழுதினேன். "உழைக்கலாம். ஆனா மூண்டு மாசத்தில இல்லை, அந்தக் காசையும் இப்ப கட்டாத. கம்பஸ் அண்ணாவின்ர பழைய லப்டொப்பில டெபியன் போடு. சனசமூக நிலைய நூலகத்துக்கு ஒரு புத்தகப் பட்டியல் சேர்வர் செய்து குடு, காசு கேளாத. பிறகு அதை நீயே உடை. உடைச்சுப்போட்டு காப்புப் பிரதியில இருந்து திருப்பி எடு. செய்ததெல்லாம் ஒரு கொப்பியில எழுது. அதுக்குப் பிறகு பரீட்சைக் காசு நான் தாறன்."

"அப்ப ஆர் எனக்கு வேலை தருவினம்?" எண்டு கேட்டாள்.

நியாயமான கேள்வி. எனக்கு முதல் வேலை கிடைக்க ஐந்து வருசம் எடுத்தது திறமை இல்லாததால் மட்டும் இல்லை. எனக்காகப் பொறுப்புச் சொல்ல ஒருவரும் இல்லாததாலும்தான். அதனால் சனிக்கிழமை இரவுகளில் என் வாடிக்கையாளர்களின் சேர்வர்களை அவள் பார்க்கட்டும், அந்த இரவுக்கு மணித்தியாலக் கணக்கில் நான் சம்பளம் தருகிறேன், பிழை விட்டால் என்னை எழுப்பட்டும் எண்டு பேசி முடிவெடுத்தோம். வாடிக்கையாளர்களிடமும் சொல்லி அனுமதி எடுத்துவிட்டேன்.

நேற்று அவள் நூலகச் சேர்வரை அழித்துவிட்டுத் திருப்பி எடுத்தாள். 40 நிமிடம் பிடித்ததாம். பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த சித்தி எட்டிப் பார்த்து, "இருந்ததை அழிச்சுப்போட்டு திருப்பி வைக்கிறதுக்கு ஆர் பிள்ளை காசு தருவினம்?" எண்டு கேட்டிருக்கிறா. தங்கச்சிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையாம். வாற சனிக்கிழமை அவளுக்கு முதல் இரவு. அது முடிஞ்சு, காசும் கையில வந்த பிறகு சித்திக்குச் சொல்லுவம்.